மாதிரி மாதா கோயில்

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் நிற்கிற பழைய மாதா கோயிலில் இனி யாரும் அவமானப்பட வேண்டியதில்லை என்று பழம்பெருமைக் கட்டடங்கள் வாரியம் முடிவு செய்திருந்தது. முடிவைக் கருங்கல்லில் வெட்டியும் வைத்திருந்தார்கள். ‘நடக்க இயலாதோரை இத்திருத்தலம் இருகரம் நீட்டி வரவேற்கிறது’ என்றது அந்தக் கல்வெட்டு. அது இருந்தது வாசற்படிகளின் உச்சியில், கதவுக்குப் பக்கத்தில். படியேறிப் போகிறவர்கள் அதைப் படித்து மனம் நெகிழ்ந்தார்கள்.

சிலமலை ராக்கு படிகளுக்குக் கீழே, தம்பி கன்னையனின் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கால்கள் இருந்தன. ஆனால் அவளோடு அவை பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கன்னையன் இறங்கி வந்து, வீட்டில் தினமும் செய்கிற மாதிரி, ஒரு கையை அவள் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்துத் தூக்கினான். மேலே விசில் சத்தம் கேட்டது.

காவலாளி முனீஸ்வரன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான்.

“மாப்ளே, எறக்கு எறக்கு. தூக்கக் கூடாது.”

“எங்க அக்காவ நான் தூக்குறேன். உனக்கென்ன?”

“அதான் கூடாதுங்கிறேன். கண்ணியக் காப்பு விதின்னு ஒண்ணு வந்துருக்கு. ஒரு மனுசர இன்னொரு மனுசர் தூக்கிட்டுப் போனா, தூக்கப்படுறவுக கண்ணியம் கொறைஞ்சு போகுதாம்.”

“எனக்கு ஒண்ணும் கொறையல அப்பு,” என்றாள் ராக்கு.

“கொறையிறது நமக்குத் தெரியாதாம் ஆத்தா. வகுப்பு வச்சுச் சொன்னாக.”

“அப்பச் சக்கர நாற்காலி போற மாதிரி சரிவா ஒரு பாதை போட்டு வைங்களேன்யா.”

“படி பழம்பெருமையில சேருது. அதுல கை வைக்க முடியாது.”

“பெறகு எப்படித்தான் உள்ள போறது?” என்றான் கன்னையன்.

முனீஸ்வரனின் முகம் மலர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் அவன் காத்திருந்தான் போல. “அதுக்கு ஏற்பாடு இருக்கு மாப்ளே. போடியில.”

ராக்கு கருப்பசாமி கும்பிடுகிறவள். மாதாவோடு அவளுக்கு இருந்த பழக்கமெல்லாம், வேலைக்குப் போகிற வழியில் ஜீப்பிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வதுதான். மாதாவைப் பார்க்க அவள் வரவில்லை. கோயிலுக்குள் அவளுக்கு ஒரு ஆள் இருந்தாள்.

மருதாயியும் ராக்குவும் சிலமலையில் அடுத்தடுத்த தெரு. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிலிருந்தே ஒரே ஜீப்பில் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனவர்கள். விடிவதற்கு முன்னால் மருதாயி வந்து ராக்கு வீட்டு வாசற்படியில் தூக்குச்சட்டியை டொக்கென்று வைப்பாள். “ராக்கு, வண்டி வந்துருச்சா?” என்பாள். வண்டி வந்தால் ஊருக்கே கேட்கும், இருந்தாலும் கேட்பாள். ஒன்றரை வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், கொள்ளாத அளவு ஆளை ஏற்றிக்கொண்டு போன ஜீப்பு, மழையில் பாதை சரிந்து கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் உருண்டது. தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து, கிடந்தவர்களையெல்லாம் தோளிலும் சாக்கிலும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். சுற்றுவட்டாரத்தில் நனையாத தரை அது ஒன்றுதான். கண்ணியத்தைப் பற்றி அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மேற்குச் சன்னலுக்குக் கீழே, மூலை உடைந்த ஒரு கல்லின்மேல் மருதாயியைக் கிடத்தினார்கள். பக்கத்தில் ராக்குவை. மருதாயியின் சேலையிலிருந்து தண்ணீர் வடிந்து ராக்குவின் கைக்கு வந்தது.

“வண்டி வந்துருச்சாடி?” என்றாள் மருதாயி.

“வருது.”

“வந்ததும் எழுப்பு,” என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

வண்டி வந்தபோது ராக்குவுக்கும் நினைவில்லை.

மலைக்குக் காய் எடுக்கப் போகிற சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் உயிர் போனவரின் உடம்பைக் கீழே கொண்டுவந்து எரித்தாலும் புதைத்தாலும், அவர் இறங்கிவிட்டதாகக் கணக்கில்லை. கூட வேலை செய்கிற செட்டு ஆள் வந்து கூப்பிடாமல் காய்க்காரி எந்த வண்டியில் ஏறியிருக்கிறாள்? உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவர், அது போன இடத்துக்கே போய், பெயரைச் சொல்லி, ‘சோலி முடிஞ்சது, வீட்டுக்குப் போவோம்’ என்று எழுப்ப வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வண்டியில் ஒரு இடத்தைக் காலியாக விட வேண்டும். வீட்டில் கால் கழுவத் தண்ணீரும் ஒரு இலை சோறும் வைக்க வேண்டும். ஆள் மாறிப் போய்க் கூப்பிட்டால் பலிக்காது. மருதாயியின் மகள் காளீஸ்வரி போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். கன்னையனும் கூப்பிட்டான். இரண்டு தடவையும் வண்டி வெற்று வண்டியாகத்தான் இறங்கியது. ஓட்டுகிறவனுக்குப் பாரம் தெரியாதா?

அதனால் விடியுமுன் ராக்குவுக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மலைப் பக்கமிருந்து, மூன்று மேடு தாண்டி யாரோ காய்க்காட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல, தேய்ந்து வரும். “ராக்கு, வண்டி வந்துருச்சா?” பங்குனி வெயிலில் ஒருநாள் வாசற்படியில் தூக்குச்சட்டி அளவுக்கு வட்டமாக ஈரம் இருந்ததைக் கன்னையனே பார்த்தான். பார்த்தவன், அன்றைக்கு ஜீப்பை எடுக்கவில்லை.

போடியில் வாரியத்தின் அலுவலகம் இருந்த வளாகத்துக்கு அவர்கள் போனபோது, அணுகுவசதித் தனி அலுவலர் பொன்னுமணி வாசலுக்கே வந்து கும்பிட்டார். சிரித்த முகம். எதிரில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே, தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிற பயிற்சி உள்ளவர்.

“நீங்க மலைக்குப் போக முடியாதுன்னு நாங்க சொல்லவே இல்லம்மா. நீங்க ஏன் போகணும்னுதான் கேக்குறோம். வாங்க.”

வளாகத்தின் பின்பக்கம் மாதா கோயில் நின்றது. பாதி உயரம். கண்ணாடி இழையில் செய்து, கருங்கல் நிறம் அடித்து, பாசி பிடிக்க வேண்டிய இடத்தில் பச்சை தடவியிருந்தார்கள். படி கிடையாது, வாசல்வரை வழவழவென்று சரிவுப் பாதை.

“சம அனுபவ மாதிரி,” என்றார் பொன்னுமணி. “அசல்ல என்னென்ன குறை உண்டோ அதெல்லாம் இதுல நீக்கியாச்சு. படி இல்ல, மழை இல்ல, அட்டைக்கடி இல்ல. பழமை மட்டும் கொஞ்சம் கம்மி. அதுக்கு ரெண்டாவது கோட்டிங் சொல்லியிருக்கு.”

உள்ளே போனதும் ஒரு இயந்திரம் உறுமி, முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம் விட்டது. எங்கோ ஒரு பெட்டிக்குள் குருவிகள் கத்தின. பிறகு ஏலக்காய் வாசனை வந்தது. அது குப்பியில் அடைத்து வெளிநாட்டிலிருந்து வந்ததாம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. அங்கிருந்து வருகிற வாசனை உள்ளே நுழைந்து அனுபவத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று சன்னல்களுக்கு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள்.

“இங்க வந்துட்டுப் போனவங்க ஒருத்தர்கூட, அசலைப் பார்க்கணும்னு கேட்டதில்லம்மா.”

“எத்தன பேரு வந்துருக்காக?” என்றான் கன்னையன்.

“அம்மாதான் முதல்.”

ராக்குவின் சேலையில் ஒரு வில்லையைக் குத்தினார்கள். ‘நானும் சென்றேன்’ என்று அதில் போட்டிருந்தது.

“அய்யா, எனக்குக் கோயிலப் பாக்க வேண்டியதில்ல,” என்றாள் அவள். “அந்தக் கல்லுகிட்டப் போகணும். அங்க எங்க ஆள் ஒருத்தி படுத்துருக்கா. அவள எழுப்பணும்.”

எந்த அலுவலரும் சிரித்திருப்பார். பொன்னுமணி சிரிக்கவில்லை. குனிந்து, அவள் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, “எந்தக் கல்?” என்றார்.

ஒன்றரை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் அதிகாரி அவர். “மேக்குச் சன்னலுக்குக் கீழ. ஒரு மூலை ஒடஞ்சிருக்கும். கருப்பா ஒரு கறை இருக்கும்.”

“அந்தக் கல் இல்லாம உங்க அனுபவம் முழுமையாகல. அப்படித்தானே?”

“ஆமாய்யா.”

“உங்க குரல் வாரியத்துக்கு எட்டிருச்சும்மா. பயனாளர் குரலுக்காகத்தான் வாரியம் நடக்குது. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

போகிற வழியில் ராக்கு, “நல்ல மனுசன்டா. ஏற்பாடு பண்ணுவாரு,” என்றாள். கன்னையன் கண்ணாடியில் அந்த வில்லையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்த மாதம் குரல் இடம் மாறியது.

மலைப் பக்கமிருந்து வரவில்லை. போடி ரோட்டுப் பக்கமிருந்து, கிட்டத்தில், தெருமுனையில் நின்று கூப்பிடுகிற மாதிரி வந்தது. வார்த்தையும் மாறியிருந்தது. மருதாயி வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

“ராக்கு, இது எந்த எடம்டி? ஏலக்கா வாடை வருது, செடி ஒண்ணையும் காணோம்.”

ராக்கு போர்வைக்குள் உறைந்து கிடந்தாள். இருட்டில் வழி தப்பிய ஆள் பேசுவது போல அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. உயிரோடு இருந்தபோது மருதாயி எதற்கும் நடுங்கியதில்லை. காட்டுப்பன்றியைக் கவாத்துக் கத்தியைக் காட்டி விரட்டியவள். மறுநாளும் வந்தது. “பனி மூட்டமா இருக்கு. குளுரக் காணோம். நீ எங்கடி இருக்க?”

“அவ தவிக்கிறாடா,” என்றாள் ராக்கு, தம்பியிடம். “என்னமோ ஆகிப்போச்சு. என்ன மேல கொண்டு போ. அடிச்சாலும் சரி, பிடிச்சுக் கொடுத்தாலும் சரி.”

கன்னையனுக்கு அந்த வாரம் வாரியத்திலிருந்தே ஒரு லோடு வந்தது. மாதா கோயிலில் எங்கேயோ தரை பெயர்ந்திருக்கிறதாம். சிமெண்டு மூட்டைகள் மேலே போக வேண்டும். படி வழியாகத் தூக்கலாமா, அதற்கும் விதி உண்டா என்று அவன் போனில் கேட்டான்.

“பொருள்களை எப்படி வேணாலும் தூக்கலாம் தம்பி,” என்றார் பொன்னுமணி. “பொருளுக்குக் கண்ணியம் கிடையாது.”

கன்னையன் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அக்காவும் அவனைப் பார்த்தாள்.

“தார்ப்பாய் கெடக்கா?” என்றாள்.

ஜீப்பின் பின்பக்கம், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில், தார்ப்பாய்க்குள் சுருண்டு ராக்கு மலையேறினாள். எங்கே போகிறோம் என்று அவள் இடுப்பு சொல்லாது, காது சொன்னது. ஓடைச் சத்தம் வந்தது, பிறகு காப்பித் தோட்டத்து நாய்கள். அன்றைக்கு ஜீப்பு உருண்ட அந்த வளைவில் கன்னையன் நீளமாக ஆரன் அடித்தான். அங்கே உடம்பு நடுங்கும், ஏதாவது கேட்கும், யாராவது கையைப் பிடிப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை. சாதாரண வளைவு. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் முனீஸ்வரனின் குரல். “என்ன லோடு மாப்ளே?”

“சிமெண்டு.”

கன்னையன் தார்ப்பாயை இழுத்ததில் தூசி கிளம்பி, ராக்குவுக்கு இருமல் வந்துவிட்டது.

“சிமெண்டு இருமுது,” என்றான் முனீஸ்வரன்.

“ஈரம் பட்டுருச்சுண்ணே.”

முனீஸ்வரன் தார்ப்பாயைச் சுற்றி ஒருமுறை நடந்தான். மேலே கல்வெட்டைப் பார்த்தான். கீழே ரோட்டைப் பார்த்தான். “இருமாம வரச் சொல்லு,” என்று தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தான். “யம்மா, என்ன கனம். மூட்டை நல்லாச் சாப்புடுது போல.”

“ஒழுங்காப் பிடிடா,” என்றது மூட்டை.

கோயிலுக்குள் தார்ப்பாயை விரித்தார்கள். பெஞ்சுகளில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி நைலான் கயிறு கட்டியிருந்தது. பீடத்தைத் தொடாமலிருக்க ஒரு கயிறு, பீடத்துக் கயிற்றைத் தொடாமலிருக்க இன்னொரு கயிறு. கூரை இடுக்கில் ஒரு புறா மட்டும் விதி தெரியாமல் உட்கார்ந்திருந்தது. ராக்கு கைகளை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, மேற்குச் சன்னலுக்குக் கீழே போனாள்.

அங்கே கல் இல்லை. சதுரமாக ஒரு பள்ளம் இருந்தது. உள்ளே செம்மண். ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

“மருதாயி,” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஆளில்லாத வீட்டில் கூப்பிட்டது போல இருந்தது.

“அங்க இருந்த கல்லு எங்கய்யா?”

“அது தெரியாதா? போடிக்குப் போயிருச்சு ஆத்தா,” என்றான் முனீஸ்வரன். “யாரோ ஒரு பயனாளி, அந்தக் கல்லு இல்லாம அனுபவம் முழுமையாகலன்னு அழுதுச்சாம். பெரிய ஆபீசரே வந்து நின்னு பேத்துக் கொண்டுபோனாரு. மாதிரிக் கோயில்ல பதிக்கிறதுக்கு. அந்தப் பள்ளத்த அடைக்கத்தான் இந்தச் சிமெண்டு.” கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினான். “போனதும் நல்லதாப் போச்சு. காலையில கதவத் தொறந்தா அந்தக் கல்லச் சுத்தி ஈரமா இருக்கும். மழை பெய்யாத நாள்லயும். தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்.”

ராக்கு பள்ளத்தின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவள் தோளைக் குலுக்கியது.

“தூங்கிட்டிருந்தவள அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாகடா,” என்றாள் தம்பியிடம். “எழுப்பக்கூட இல்ல. நான்தான்டா இடத்தச் சொன்னேன். மூலை ஒடஞ்ச கல்லுன்னு நான்தான் சொன்னேன்.”

மறுநாள் போடியில், வாரிய வளாகத்தில் பந்தல் போட்டிருந்தது. பயனாளர் பிரதிநிதி என்று ராக்குவுக்கு முன்வரிசையில் இடம். நாற்காலியை அகற்றி, அவளுடைய சக்கர நாற்காலி நிற்கச் சுண்ணாம்பில் கட்டம் போட்டிருந்தார்கள். கட்டத்துக்கு முன்னால் மாதிரிக் கோயில் சிவப்பு நாடா கட்டி நின்றது. முன்பு பார்த்ததைவிட உயரமாகத் தெரிந்தது. கோயில் உயரவில்லை, தரைதான் உயர்ந்திருந்தது. சரிவுப் பாதை இருந்த இடத்தில் படிகள்.

வாரியத் தலைவர் பேசினார்.

“நண்பர்களே, இதுவரை இதை மாதிரி என்றோம். அசல் கோயிலின் ஒரு கல் இங்கே வந்து சேர்ந்த கணத்திலிருந்து இது மாதிரி அல்ல, இதுவும் பழம்பெருமையே என்று நமது மெய்த்தன்மை நிபுணர் குழு கண்டறிந்தது. பழம்பெருமைக் கட்டடத்துக்குச் சரிவுப் பாதை இருக்கலாமா? அசலில் இல்லாத ஒன்று இங்கே இருந்தால் அது வரலாற்றுக்குத் துரோகம் அல்லவா? ஆகவே பாதையை இடித்தோம். அசலில் உள்ள அதே படிகள், அதே உயரம், அதே தேய்மானம். ஒரே ஒரு வேறுபாடு. மலையில் இருக்கும் படிகள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்காகக் கட்டப்பட்டவை. இந்தப் படிகளோ முழுக்க முழுக்க நடக்க இயலாதவர்களுக்காகவே கட்டப்பட்டவை!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவருக்கே கண் கலங்கியது.

“நான் எப்படிய்யா ஏறுறது?” என்றாள் ராக்கு.

பொன்னுமணி ஓடி வந்து, பழையபடி குனிந்து, கண்ணுக்கு நேராக முகத்தை வைத்தார். “அதையும் யோசிச்சுட்டோம்மா. இதுக்கு ஒரு மாதிரி கட்டப் போறோம். பின்னாடி இடம் இருக்கு.”

“அந்தக் கல்லுகிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லணும். என் தம்பி தூக்கிக்கிருவான்.”

“தூக்குறதா? இத்தனை பேர் முன்னாடியா?” அவர் முகம் உண்மையாகவே வாடியது. “உங்க கண்ணியத்தை நீங்க விட்டுக்கொடுத்தாலும் வாரியம் விட்டுக்கொடுக்காதும்மா.”

ராக்கு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சக்கர நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றி, தன்னைத்தானே தரையில் இறக்கினாள். படிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி எம்பி, முதல் படியில் ஏறி அமர்ந்தாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த படிக்கு எம்பினாள்.

கன்னையன் ஓடி வந்தான்.

“தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!” என்று பொன்னுமணி கையை விரித்து மறித்தார். புகைப்படக்காரர்கள் முண்டினார்கள். தலைவர் ஒலிபெருக்கியை மறுபடி வாங்கிக்கொண்டார். “பாருங்கள் நண்பர்களே! யாருடைய உதவியும் இல்லாமல்! வாரியத்தின் படிகள் ஒரு பெண்ணைத் தன் காலில் நிற்க வைத்திருக்கின்றன!”

அவள் குதிகால் தோல் உரிந்து படியில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அவளுக்கு அது வலிக்கவில்லை. கை வலித்தது. அதே தேய்மானத்தை வரவழைக்கப் படிகளின் விளிம்பை உளியால் கொத்தியிருந்தார்கள். முக்கால் உயரத்தில் ஒருமுறை மூச்சு முட்டி நின்றபோது, கூட்டம் கைதட்டுவதை நிறுத்திவிட்டு இருமுகிற சத்தம் கேட்டது. அதில் யாரோ ஒருவர், “போதும், எறக்கி விடுங்கப்பா,” என்றார். இறக்கவும் விதியில்லை. அவள் எம்பினாள்.

உள்ளே போனதும் இயந்திரம் பனி விட்டது. குருவிகள் கத்தின. மேற்குச் சன்னலுக்குக் கீழே, பளபளப்பான தரைக்கு நடுவில், அந்த ஒரு கல் மட்டும் கருத்துக் கிடந்தது. சுற்றிலும் கயிறு. ராக்கு கயிற்றுக்கு அடியில் ஊர்ந்து போய், அன்றைக்குக் கிடந்த மாதிரியே பக்கத்தில் படுத்துக் கையை வைத்தாள். கல் நனைந்திருந்தது. பனித் தண்ணீராக இருக்கலாம். ஆனால் பனி இயந்திரத்தின் தண்ணீருக்கு ஐப்பசி மழையின் சில்லிப்பு எப்படி வரும்?

“மருதாயி,” என்றாள். “வண்டி வந்துருச்சு. எந்திரி. சோலி முடிஞ்சது, வீட்டுக்குப் போவோம்.”

பெட்டிக்குள் குருவிகள் நின்றன.

ராக்கு வாசலைப் பார்த்துத் திரும்பி ஊர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஈரச் சேலை தரையில் பட்டு வருகிற சத்தம், சளப், சளப் என்று, அவள் வேகத்துக்கே வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. வாசலில் ஏதோ பின்னால் தயங்கியது போலிருந்தது. புது இடம், வெளிச்சம், இத்தனை சனம். “வா, நம்ம கன்னையன் வண்டிதான்,” என்றாள் ராக்கு, திரும்பிப் பார்க்காமல். படிகளில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். அவள் இறங்கிய படிகளில் அவளுடைய தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஈரத் தடம் விழுந்துகொண்டே வந்தது. தலைவர் அதைக் கவனித்தார். “பனி இயந்திரம் ஒழுகுகிறது,” என்று உதவியாளரிடம் முணுமுணுத்தார்.

கன்னையன் அக்காவைத் தூக்கி ஜீப்பின் பின் இருக்கையில் படுக்க வைத்தான். இப்போது யாரும் விசில் ஊதவில்லை. வளாகத்துக்கு வெளியே கண்ணியம் வாரியத்தின் எல்லைக்குள் வராது. முன் இருக்கையைத் துண்டால் துடைத்து, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்று, மெதுவாகச் சாத்தினான். வண்டி ஒருபக்கம் லேசாக அமுங்கியது.

பொன்னுமணி அவசரமாக வந்தார். “தம்பி, நான் பஸ் ஸ்டாண்டுல இறங்கிக்கிறேன். வாரிய வண்டி தலைவரோட போயிருச்சு.” கதவைத் திறந்தார்.

“சார், அங்க ஆள் இருக்கு,” என்றான் கன்னையன்.

பொன்னுமணி இருக்கையைப் பார்த்தார். “யாரும் இல்லையே,” என்று ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு கீழே குதித்தார். அவருடைய கால்சட்டை பின்பக்கம் முழுவதும் நனைந்து, தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி காலி இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குள் இருந்த அலுவலர் எழுந்து வந்தார்.

“வண்டியைச் சரியாப் பராமரிக்கணும் தம்பி. கூரை ஒழுகுது,” என்று சொல்லிவிட்டு, வைகாசி வெயிலில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

சிலமலைக்குள் நுழைந்ததும் கன்னையன் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினான். அவன் போனில் சொல்லியிருந்ததால், மருதாயி வீட்டு வாசலில் காளீஸ்வரி சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். ஜீப்பு நின்றது. கன்னையன் சுற்றி வந்து முன்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். காளீஸ்வரி தண்ணீரைத் தரையில் ஊற்றி, வீட்டுக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அமுங்கியிருந்த வண்டி, ஆள் இறங்கினால் எழும்புகிற மாதிரி, ஒருபக்கம் எழும்பி நேரானது.

“சித்தி,” என்றாள் காளீஸ்வரி. குரல் உடைந்திருந்தது. “அம்மா எறங்கிருச்சா?”

“எறங்கிட்டா. என்ன கொழம்பு வச்ச?”

“கருவாட்டுக் கொழம்பு. அதுக்குப் பிடிக்கும்ல.”

“பிடிக்கும். உப்புத்தான் எப்பவும் கொறையும்பா.”

வீட்டுக்குள் இலை சரசரத்தது. காற்றாகவும் இருக்கலாம். காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ராக்கு பின் இருக்கையில் கிடந்தபடி, உரிந்த உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு, திறந்த கதவையே பார்க்காமல் பார்த்தாள்.

கன்னையன் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, கை ரத்தமா இருக்கு. கெளம்புவமா?” என்றான்.

“இருடா,” என்றாள் ராக்கு. “சாப்பிட்டு முடிக்கட்டும்.”